ஒன்பதே முக்காலே மூணு வீசம்

என் தம்பி பெண்டாட்டிக்குப் பத்து வரைக்கும் எண்ண வராது. நாத்தனார் வம்பு பேசுகிறாள் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஒன்பது வரைக்கும் ஜோராக வருவாள். அதற்கப்புறம் ஒன்பதே கால் என்பாள். ஒன்பதரை என்பாள். ஒன்பதே முக்கால் என்பாள். அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்பாள், நகரமாட்டாள்.

அவளுக்கு வேலை பேருந்து நிலையத்தில் மைக்கில் பேசுவது. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை அநாதையாகக் கிடக்கிறது, எந்தக் குழந்தை அம்மாவைத் தேடி அழுகிறது, எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரியவரும். அதனால் அவளுக்குப் பெயரே மைக்கு என்று ஆகிவிட்டது. என் ஜெராக்ஸ் கடை நிலையத்துக்கு நேர் எதிரே. காலையில் நான் ஷட்டரைத் தூக்குகிறேனோ இல்லையோ, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அங்கே ஆரம்பித்துவிடுவாள். வீட்டில் கேட்பது போதாதென்று கடையிலும் அதே குரல். என் காது என்ன பாவம் செய்ததோ.

ஆனால் ஒன்று, அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டது இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான். அதைக் கடைசியில் சொல்கிறேன். முகம் அப்படியில்லை. பால் திரிந்துபோனால்கூட அவள் முகம் அழுதுவிடும். ஒரு நாள் மத்தியானம் அவளுடைய கண்ணாடிக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கன்னமெல்லாம் கண்ணீர், மூக்கு சிவந்து கிடக்கிறது, குரல் மட்டும் "மூன்றாவது மேடையிலிருந்து புறப்படும்" என்று கணீரென்று போய்க்கொண்டிருக்கிறது. குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள்.

குழந்தை என்றால் எங்கள் மிளகு. உருவம் அவ்வளவுதான், காரமும் அவ்வளவு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு வந்தும் சேர்க்க முடியவில்லை. நாலடி ஓடினால் மூச்சு வாங்கும், குந்தி உட்கார்ந்துவிடுவாள். அழுதால் உதடு நீலம் பாரிக்கும். ரொம்ப அழுதால் நகம், கண்ணோரம் எல்லாம் கறுத்துக்கொண்டு வரும். அப்போது அவளைத் தூக்கி, முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பும். திரும்புகிற வரைக்கும் எங்களுக்கு உயிர் இருக்காது. அதனால் எங்கள் வீட்டில் ஒரே சட்டம், மிளகை அழவிடக் கூடாது. அதுதான் சாக்கென்று அந்தக் குட்டிப் பிசாசும் எங்கள் எல்லோரையும் ஆட்டி வைத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகாத மாசம் கிடையாது. போனால் இரத்தம் எடுக்காமல் விடமாட்டார்கள். முதல் தடவை மைக்கு சொன்னாளாம், "கண்ணு, அம்மா பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்று. ஊசி போடுகிறவருக்கு நரம்பு அகப்படவில்லை. இவள் ஒன்பதுக்கு வந்துவிட்டாள், அவர் இன்னும் தடவிக்கொண்டிருக்கிறார். பத்து என்று சொன்னால் பொய்யாகிவிடும். சட்டென்று வாயில் வந்ததுதான் ஒன்பதே கால். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஊசி வெளியே வராமல் அவள் பத்து சொன்னதே கிடையாது. முக்காலைத் தாண்டியும் வேலை முடியவில்லை என்றால் ஒன்பதே முக்காலே அரைக்கால். அதற்கும் மேலே போனால் ஒன்பதே முக்காலே மூணு வீசம். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு, இன்னும் ஒரு வீசம் சேர்ந்தால் பத்து. மூணு வீசம்தான் எல்லை. அதற்கு மேலும் பொடிக் கணக்கெல்லாம் உண்டு என்று யாரோ சொன்னார்கள். எங்களுக்குத் தெரியாது.

மிளகு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் கேட்பாள். மூணு வீசம் என்று வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பத்து என்றதும் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள். அழுகை கிடையாது. தலை சீவும்போதும் இதே கூத்துதான். நான் சீவினால் "அத்தைக்கு எண்ணத் தெரியல" என்று ஓடிவிடும் கழுதை.

இப்படி இருக்கும்போதுதான் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். நாங்கள் மாசக்கணக்காக வேண்டிக்கொண்டிருந்த நாள். அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள். இதயத்தில் கத்தி வைக்கப் போகிறவர்களுக்குப் பல்லில் என்ன வேலை என்று எனக்குக் கோபம் வந்தது. காட்டினால், கீழ்க்கடவாயில் ஒரு பல் சொத்தை, அடியில் சீழ். அந்தச் சீழில் இருக்கிற கிருமி இரத்தத்தோடு போய் இதயத்தில் உட்கார்ந்துகொண்டால் ஆபரேஷன் செய்தும் பிரயோஜனமில்லையாம். பல்லைப் பிடுங்கினால்தான் தேதி நிற்கும். பல்லுக்கென்று தனியாக மயக்கம் கொடுக்க இதய டாக்டர் ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டார், ஒரு மயக்கத்தைத் தாங்குவதே அந்த உடம்புக்குப் பெரிசு என்று. ஆக முழித்துக்கொண்டிருக்கும்போதே, வாயில் ஊசி போட்டு, அழாமல் பிடுங்க வேண்டும்.

பல் பிரிவு அதே ஆஸ்பத்திரியில் பின்கட்டு. நீளமான ஹால், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கதவு. கதவில் முகம் தெரிகிற அளவுக்குச் சின்னதாக ஒரு கண்ணாடி. அதற்குக் கீழே "பெற்றோருக்கு அனுமதி இல்லை" என்று ஒட்டியிருந்தது. என் தம்பி லாரி ஓட்டுகிறவன், அன்றைக்கும் எங்கோ சாலையில் இருந்தான். அதனால் நானும் மைக்கும்தான் போனோம்.

அந்த அறிவிப்பை ஒட்டியவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்களுக்கு முன்னால் ஒரு பையன். அவன் அப்பா, "வாயைத் தொறக்கலேன்னா பெரிய ஊசியாப் போடச் சொல்லிருவேன்" என்று ஹாலிலேயே பல்லைக் கடிக்கிறார். பக்கத்தில் அவன் அம்மா, டாக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமலேயே, "ஐயோ என் தங்கத்தை என்ன பண்ணப் போறாங்களோ" என்று மூக்கைச் சிந்துகிறாள். இந்த இரண்டு பேரையும் உள்ளே விட்டால் யார்தான் பல் பிடுங்க முடியும்? பையனை மட்டும் உள்ளே அழைத்துப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் வாயில் பஞ்சோடு சாதாரணமாக நடந்து வந்தான். அதைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது.

பல் டாக்டர் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். இதய டாக்டர் கொடுத்த கடிதத்தையெல்லாம் நிதானமாகப் படித்தார்.

"டாக்டர், நான் உள்ளே இருக்கேன். ஓரமா நிக்கிறேன்" என்றாள் மைக்கு. சொல்லும்போதே கண் தளும்பிவிட்டது.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. குழந்தை முதல்ல பார்க்கிறது உங்க முகத்தைத்தான். அதுல பயம் தெரிஞ்சா அழ ஆரம்பிச்சிரும். இந்தக் குழந்தை அழவே கூடாது. அம்மா உள்ளே இருந்தா எனக்கு ரெண்டு பேஷன்ட் ஆயிடும்."

அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மைக்கின் முகமோ அப்போதே நனைந்துபோயிருந்தது. நர்ஸ் வந்து மிளகின் கையைப் பிடித்தாள்.

"சிஸ்டர், பத்து வரைக்கும் எண்ணுங்க. எண்ணினா அசையாம இருப்பா" என்றாள் மைக்கு.

"அதுக்கென்ன, எண்ணிட்டாப் போச்சு" என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

அங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். பத்து எப்படி எண்ண வேண்டும் என்று நாங்கள் சொல்லவேயில்லை. மறைக்கவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் ஒன்பதுக்கு அப்புறம் ஒன்பதே கால் வருவது அவ்வளவு சகஜமாகிவிட்டிருந்தது. மற்ற வீட்டில் எல்லாரும் நேராகப் பத்துக்குப் போய்விடுவார்கள் என்பதே மறந்துபோயிற்று.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிளகு ராணி மாதிரி நாற்காலியில் சாய்ந்து, கண்ணை இறுக மூடி, வாயை ஆவென்று திறந்துகொண்டது. டாக்டர் ஊசியை எடுத்தார். நர்ஸின் உதடு அசைவது தெரிந்தது. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. மைக்கு என் தோளைப் பிடித்தாள். அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

"அண்ணி, அவங்க பத்து சொல்லப் போறாங்க."

நர்ஸ் பத்து சொன்னாள். ஊசி இன்னும் ஈறுக்குள்ளே இருந்தது. பத்து வந்துவிட்டதே, முடிந்துவிட்டது என்று மிளகு எப்போதும் போல வாயை மூடினாள். டாக்டர் விரல் பல்லுக்கு நடுவில். ஊசி எங்கோ குத்தி இழுத்தது. கண்ணைத் திறந்தவள் ஊசியைப் பார்த்தாள், தன் இரத்தத்தைப் பார்த்தாள், டாக்டரின் இரத்தத்தையும் பார்த்தாள். அப்புறம் அழுதாள் பாருங்கள், அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. வலிக்கு அழுத மாதிரி இல்லை. ஏமாந்துபோன அழுகை.

"பத்து சொல்லிட்டாங்க! பத்து சொல்லிட்டாங்கம்மா!"

மைக்கு கதவை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். அதற்குள் உதடு நீலம், நகம் நீலம். அழுகைச் சத்தம் அப்படியே தேய்ந்து, வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. மைக்கு தரையில் உட்கார்ந்து, குழந்தையின் முழங்காலை மடக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். டாக்டர், விரலில் இரத்தம் சொட்டச் சொட்ட, ஆக்ஸிஜனை இழுத்து மூக்கில் வைத்தார். நான் நர்ஸைப் பிடித்துக் கத்தினேன், "எண்ணத் தெரியாதவ எதுக்குடி எண்ணினே?" என்று. பாவம், எண்ணத் தெரிந்ததுதான் அவள் செய்த குற்றம். அது இப்போது தெரிகிறது. அப்போது குழந்தை கறுத்துக்கொண்டிருந்தது, எனக்கு வாயில் வந்ததுதான் பேச்சு.

நிறம் திரும்பியது. எவ்வளவு நேரமோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

இதய டாக்டர் வந்து பார்த்தார். இரண்டு டாக்டர்களும் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். திரும்பி வந்து சொன்னார்கள், இன்றைக்குத் தொட வேண்டாம், வார்டிலேயே இருக்கட்டும், நாளைக் காலையில் இன்னொரு தடவை பார்க்கலாம். அதுவும் முடியவில்லையென்றால் தேதியை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். அடுத்த தேதி எப்போது என்று நான் கேட்டேன். சொல்ல முடியாது என்றார் இதய டாக்டர். நீலம் பாரிப்பதோ வாரத்துக்கு வாரம் அதிகமாகிக்கொண்டிருந்தது. அடுத்த தேதி வரைக்கும் பிள்ளை தாங்குமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் தானாகச் சொல்லவில்லை.

வார்டில் மிளகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. அம்மாவைப் பார்க்கவில்லை, பேசவுமில்லை. வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டது. மாத்திரைக்குக்கூடத் திறக்கவில்லை. மைக்கு "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தாள். குழந்தை காதையும் பொத்திக்கொண்டது. மைக்கு அப்படியே எழுந்து வெளியே போய்விட்டாள்.

ரொம்ப நேரம் ஆளைக் காணோமே என்று தேடிப்போனேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைக் கழுவுகிறாள், சிரிக்கிறாள், அது பாதியிலேயே அழுகையாகிறது, மறுபடி கழுவுகிறாள். குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"என்னடி பண்றே?"

"பழகுறேன் அண்ணி. நாளைக்கு மூஞ்சி அழாம இருந்தா டாக்டர் உள்ளே விடுவாரு." ஒரு சிரிப்பு சிரித்துக் காட்டினாள். "இது பரவாயில்லையா?"

"இந்தச் சிரிப்பைப் பார்த்தா டாக்டரே பயந்து ஓடிருவாரு."

அவள் சிரிக்கவில்லை. குழாயை மூடிவிட்டு, ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் பொண்ணுக்கு நான் வச்சிருந்தது அது ஒண்ணுதான் அண்ணி. ஆபரேஷன் பண்ண எனக்குத் தெரியாது. மருந்து தெரியாது. பத்து பொய்யாகாதுங்கிற ஒண்ணைத்தான் குடுத்திருந்தேன். அதுவும் போச்சு."

பக்கத்தில் உட்கார்ந்தேன், என் புடவையும் நனைந்தது.

பிறகு அவளைக் கொஞ்சம் படுக்கச் சொல்லிவிட்டு நான் மிளகு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "அத்தை, அம்மா அழுவுறாளா?"

"இல்லியே. அவ எதுக்கு அழுவணும்?"

"பொய். அம்மா மூஞ்சி எப்பவும் அழுவும். எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படிடி தெரியும்? ஊசி போடும்போதெல்லாம் நீதான் கண்ணை மூடிக்குவியே."

"அதான் மூடிக்குவேன். அம்மா மூஞ்சியப் பார்த்தா எனக்கும் அழுவ வரும். அம்மா குரல் அழுவாது. அதை மட்டும் கேப்பேன்."

ஐயோ என் கண்ணே என்று கட்டிக்கொள்ளத் தோன்றியது. நெஞ்சை அழுத்திவிடுமோ என்று பயந்து காலை மட்டும் தடவினேன். "அந்த சிஸ்டருக்கு மூணு வீசம் தெரியாதுடி. அவங்க வீட்டுல சொல்லித் தரல. அவங்க சொன்னது சும்மா பத்து. அம்மா சொல்றதுதான் அசல் பத்து."

மிளகு யோசித்தது. "அப்ப அம்மா ஏன் வரல?"

"நாளைக்கு வருவா." சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. விடிந்ததும் பல் டாக்டர் வருகிற வழியில் போய் நின்றுகொண்டேன்.

குழந்தை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சொன்னேன். ஒன்பதே காலையும் மூணு வீசத்தையும் சொன்னேன். விரலில் கட்டோடு நின்று கேட்டார். வீசம் என்றால் என்ன என்று ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். மனுஷன் கோபப்படவில்லை.

"அப்போ எனக்கு அவங்க முகம் வேண்டாம், குரல் மட்டும் வேணும்" என்றார். "நாற்காலிக்குப் பின்னாடி, தலைமாட்டுல நிக்கட்டும். முகக்கவசம் போட்டுக்கட்டும். என்ன நடந்தாலும் முன்னாடி வரக் கூடாது. முடியுமா?"

"முடியும் டாக்டர்" என்றாள், எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்த மைக்கு. முகம் அதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்கு இதய டாக்டரும் உள்ளே நின்றார். ஆக்ஸிஜன் தயாராக இருந்தது. என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டேன். கதவு சரியாகச் சாத்தவில்லை, அதனால் காதிலும் விழுந்தது.

மிளகு நாற்காலியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. யாரும் கையை எடுக்கச் சொல்லவில்லை. அப்போது தலைமாட்டிலிருந்து கிளம்பியது நான் நாள் முழுக்கக் கேட்டுச் சலித்துப்போன அந்தக் குரல்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கீழ்க்கடவாயிலிருந்து புறப்பட வேண்டிய பல், தவிர்க்க முடியாத காரணங்களால் ஒரு நாள் தாமதமாக இயங்குகிறது. தாமதத்திற்கு வருந்துகிறோம். பல் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். பயணி தயவு செய்து வாயைத் திறந்து வைக்கவும்."

கைக்கு அடியில் குழந்தையின் கன்னம் அசைந்தது. சிரிப்பா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்ணை மூடியது. கையை எடுத்தது. வாயைத் திறந்தது.

"ஒன்று" என்றாள் மைக்கு.

முகக்கவசம் மூக்குவரைக்கும் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தாள், விரல் வெளுத்துவிட்டது. குரலில் மட்டும் ஒரு பிசிறு இல்லை. ஐந்தில் ஊசி போனது. ஒன்பதில் நின்று, ஈறு மரத்துப்போகிற வரைக்கும் ஒன்பதே கால், ஒன்பதரை என்று, நடுநடுவே ஒவ்வொரு வண்டியாக அறிவித்துக்கொண்டே எண்ணினாள். ஒன்பதே முக்காலில் டாக்டர் குறடை எடுத்தார். பல் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் அசைத்தார், மறு பக்கம் அசைத்தார். குழந்தையின் கால்கட்டைவிரல் மடங்கியது. உதட்டு ஓரத்தில் லேசாக நீலம் தெரிந்ததும் இதய டாக்டர் குனிந்து பார்த்தார். எனக்குக் கதவை உடைத்துக்கொண்டு போகலாம் போலிருந்தது.

"ஒன்பதே முக்காலே அரைக்கால்."

டாக்டர் இழுத்தார்.

"ஒன்பதே முக்காலே மூணு வீசம்."

மிளகு மூச்சைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் மைக்கிடம் எண் கிடையாது. எனக்குத் தெரியும், குழந்தைக்கும் தெரியும். டாக்டருக்கும் நான் சொல்லித்தான் இருந்தேன். அவர் நிமிர்ந்து மைக்கை ஒரு தரம் பார்த்தார். மணிக்கட்டைத் திருப்பினார். பல் வந்து ஸ்டீல் தட்டில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"பத்து!"

அந்தப் பத்து ஹாலின் கடைசி நாற்காலி வரைக்கும் போயிற்று. குழந்தை வாயை மூடிக்கொண்டு கையை உதறிற்று. உதடு சிவப்பாகவே இருந்தது. மைக்கு நாற்காலிக்குப் பின்னாலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த நர்ஸ்தான் அவளைத் தாங்கிப் பிடித்தாள். முதல் நாள் அவளைத் திட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

குறித்த தேதி மாறாமல் நின்றது. என் தம்பியும் லாரியை விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். ஆபரேஷனுக்கு அன்று காலை மிளகைத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்தார்கள். ஆபரேஷன் தியேட்டரின் பெரிய கதவுக்கு இந்தப் பக்கத்தோடு எங்கள் கதை முடிந்தது. அங்கே தலைமாடும் கிடையாது, குரலும் கிடையாது. உள்ளே விடுங்கள் என்று மைக்கு கேட்டுக்கூடப் பார்க்கவில்லை, கேட்கக் கூடாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. கட்டில் நகர்ந்ததும் பக்கத்திலேயே நடந்துகொண்டு எண்ணினாள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டது. கதவுக்கு வரும்போது மூணு வீசத்துக்கு வந்திருந்தாள்.

"பத்து?" என்றது மிளகு, கண்ணைத் திறக்காமலே.

"நீ வெளியே வந்ததும் அம்மா சொல்றேன்."

கதவு மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் அவள் நாற்காலியில் உட்கார்ந்தவள் அசையவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. என் தம்பி மாடிப்படியில் ஏறுகிறான், இறங்குகிறான். "இன்னும் பத்து நிமிஷத்துல கேட்டுட்டு வரேன்" என்று அவன் வாயெடுத்ததும் இவள் காதைப் பொத்திக்கொண்டாள். அவன் என்னைப் பார்த்து முழித்தான். நான் அவனை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு தடவை வாட்ச்மேன், "பத்தாம் நம்பர் யாருங்க" என்று கூப்பிட்டார். இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"மனசுக்குள்ள எண்ணுறியாடி?" என்று கேட்டேன்.

"இல்லண்ணி. மூணு வீசத்துல நிக்கிறேன். கொஞ்சம் அசைஞ்சாலும் பத்து வந்துரும். அவ உள்ளே இருக்கா."

அதற்கப்புறம் நானும் அந்த மூணு வீசத்திலேயேதான் நின்றேன். பைத்தியக்காரத்தனம்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் அன்றைக்கு அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்ல என்னாலும் முடிந்திருக்காது.

ஆபரேஷன் முடிந்தது என்றார்கள். நல்லபடியாகவா என்று கேட்டால், "முழிச்சாத்தான் சொல்ல முடியும்" என்றார்கள். தீவிர சிகிச்சை அறைக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஒரு கதவு. இந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் கதவு மேல் என்ன ஆசையோ. மறுநாள் காலையிலும் முழிக்கவில்லை. மத்தியானமும் முழிக்கவில்லை. என் தம்பி சுவரில் தலையைச் சாய்த்து, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தான். மைக்கின் முகம் மட்டும் காய்ந்து கிடந்தது. அவள் முகம் அழாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன், பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் கதவு திறந்தது. வயசான ஒரு நர்ஸ் தலையை நீட்டினாள்.

"அந்தச் சின்னப் பொண்ணோட அம்மா யாரு?"

நான்தான் மைக்கைக் கைகாட்டினேன்.

"மூச்சுக்கு வச்சிருந்த குழாயை எடுத்ததுலேர்ந்து ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்லுது. தண்ணி வேணுமான்னா இல்லேங்குது, வலிக்குதான்னா இல்லேங்குது. கண்ணையும் தொறக்க மாட்டேங்குது. தொண்டை கட்டியிருக்கு, சரியாக் கேக்கல. ‘மூணு வீசம், மூணு வீசம்’ங்கிற மாதிரி இருக்கு. எங்க யாருக்கும் ஒண்ணும் புரியல." கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். "இங்க பெத்தவங்கள விடுறது கிடையாது. ஆனா நீங்க கொஞ்சம் உள்ளே வந்து என்னன்னு கேளுங்களேன்."

மைக்கு என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் ஒரேயடியாக உடைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. "அண்ணி, என் மூஞ்சி..."

"அவ கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருக்கா. போடி!" என்று முதுகில் ஒரு தள்ளு தள்ளினேன்.

கதவு சாத்திக்கொண்டது. நானும் தம்பியும் வெளியே நின்றோம். அப்புறம், நாள் முழுக்க என் கடை வரைக்கும் வந்து காதைத் துளைக்கிற அந்தக் குரல் உள்ளேயிருந்து பத்து சொன்னது. நடுங்கிக்கொண்டு சொன்னது.